சென்னை வீட்டில் ரகசிய நிலவறை: தண்ணீரில் தொடங்கி கதவில் முடிக்க வேண்டிய வேலை

நிலவறை கட்டணும் என்று வருகிறவர்கள் முதலில் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். புத்தக அலமாரியை இழுத்தால் சுவர் திறக்கும், உள்ளே படி இறங்கும். "இந்தக் கதவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "உங்கள் தெருவில் டிசம்பர் மாதம் எத்தனை அடியில் தண்ணீர்?" இதுவரை யாரும் சட்டென்று பதில் சொன்னதில்லை.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்துக்கு அடியில் ஒரு நிலவறை கட்டினேன். அப்புறம் நண்பர்கள் மூன்று பேர் கட்டும்போது கூட நின்றேன். அதில் ஒன்று இப்போது மழைநீர்த் தொட்டியாக நன்றாக உழைக்கிறது. மற்றவை அறையாகவே இருக்கின்றன. என்ன வித்தியாசம் என்றால், வேலைகளைச் செய்த வரிசைதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இடம். சுற்றிலும் இடைவெளி விட்டுத்தான் தோண்ட முடியும். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் வீடும் கட்டி இதையும் கட்டுவது இழுபறி. எங்களுடையது ஒன்றரை கிரவுண்டு. அரை கிரவுண்டுக்காரர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

ஆள். கொத்தனாரும் மேஸ்திரியும் மட்டும் போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தரைக்கு மேல் சுவர் சுமையைத் தாங்கினால் போதும். தரைக்குக் கீழே பக்கவாட்டில் மண்ணும் தண்ணீரும் ஓயாமல் தள்ளுகின்றன. மேஸ்திரியின் அனுபவக் கணக்கு அங்கே செல்லாது.

பணம். அதே அளவு மாடி அறைக்கு ஆவதைப்போல் இரண்டரை மடங்கு எனக்கு ஆனது. அப்புறம் பொறுமை: தண்ணீரை அளக்க ஒரு மழைக்காலம், கட்டி முடித்தபின் சோதிக்க ஒரு மழைக்காலம்.

அபார்ட்மென்ட்வாசிகள் தரையைத் தொடவே வேண்டாம், அந்த நிலம் எல்லாருக்கும் பொது. ஒரு படுக்கையறையின் கடைசி நான்கு அடியை மரத்தடுப்பால் மறித்து ஒளித்துக்கொள்ளலாம். அவர்கள் நேரே 9ஆம் பகுதிக்கும் 12ஆம் பகுதிக்கும் போய்விடலாம்.

2. ஒரு மழைக்காலத் தண்ணீரை அளந்துவிடுங்கள்

இதுதான் முதல் வேலை. வீட்டில் பழைய உறைகிணறு இருந்தால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளக்கலாம். இல்லையென்றால் கைத்துளைக் கருவியால் 15 அடி துளைத்து, பக்கங்களில் கீறல் போட்ட பி.வி.சி. பைப்பை இறக்கி மூடி போட்டு வையுங்கள். மாதம் இரண்டு முறை, 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும், அளந்து எழுதுங்கள்.

மே மாதத்தில் எங்கள் கிணற்றில் 14 அடியில் கிடந்த தண்ணீர் டிசம்பரில் இரண்டு அடிக்குள் வந்துவிட்டது. மே மாதம் மட்டும் பார்த்திருந்தால் "ஒன்பது அடி தாராளமாகத் தோண்டலாம்" என்று முடிவு கட்டியிருப்பேன். சென்னையில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நிலத்தடி நீர் உச்சத்துக்கு வருவதும் அதன் கடைசியில்தான். கட்டட வேலை மனநிலை எல்லாருக்கும் கோடையில் வருவதால், அளவையும் கோடையிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு தவறு, போர்வெல் மட்டத்தை நம்புவது. "எங்க போர்ல 80 அடிக்குக் கீழதான் தண்ணி" என்பார்கள். அது ஆழத்துப் பாறை இடுக்கில் நிற்கும் தண்ணீர். உங்கள் சுவரைத் தள்ளப்போவது மேல்மண்ணில் தேங்கும் தண்ணீர்.

மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் மண்ணுக்குள் இறக்குகிற குழியை நிலவறைச் சுவருக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, சுவர் கசிகிறது என்று புலம்பிய வீட்டைப் பார்த்திருக்கிறேன். மனையின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள், மூடாதீர்கள்.

மேலிருந்து வரும் தண்ணீருக்குத் தனி அளவு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். படிக்கட்டின் வாய், காற்றுக்குழாயின் வாய், மின்பெட்டி மூன்றும் அந்தக் கோட்டுக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். கோடு உங்கள் இடுப்புக்கு மேலே போனால் வேலையை இங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் மாடியில் ஒரு ரகசிய அறை கட்டுவது புத்திசாலித்தனம்.

3. மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை ஒரே மண் இல்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் மணல். வெட்டிய சுவர் நிற்காமல் சரியும், தண்ணீர் எல்லாப் பக்கமும் வேகமாக வரும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பை ஒட்டிய களிமண். தண்ணீர் மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தால் போகாது. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும். ஜே.சி.பி. வாடகையில் பாதிப் பணம் போய்விடும்.

தெருவை வைத்து முடிவு செய்யாமல், மண் பரிசோதனை செய்யுங்கள். அந்த அறிக்கையில் குளோரைடு, சல்பேட் அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் உப்புநீர் கம்பியைத் தின்னும். பொறியாளர் சிமென்ட் வகையையும், கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூட வேண்டும் என்பதையும் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.

4. அனுமதியை மறைக்காதீர்கள்

"ரகசிய அறையை வரைபடத்தில் காட்டினால் என்ன ரகசியம்?" என்று கேட்காத ஆளில்லை. அலமாரிக்குப் பின்னால் வாசல் இருப்பதை வரைபடம் சொல்லாது. கீழே ஓர் அறை இருக்கிறது என்று மட்டும் சொல்லும், அது போதும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் நிலவறைத் தளத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. பதிவு பெற்ற பொறியாளரிடம் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

2024ல் வந்த சுயசான்று முறை (உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து அனுமதி பெறுவது), 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமோ அதோடு முதல் தளமோ கட்டுகிறவர்களுக்கானது. நிலவறையை அதற்குள் நுழைக்கப் பார்க்காமல் வழக்கமான திட்ட அனுமதிக்குப் போங்கள்.

இன்னொன்று: நிற்கிற வீட்டுக்கு அடியில் தோண்டாதீர்கள். லண்டன் ஹாக்னியில் வில்லியம் லிட்டில் என்பவர் தன் வீட்டுக்கு அடியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சுரங்கம் தோண்டினார். 2001ல் வீட்டுக்கு வெளியே தெரு உள்வாங்கியது, 2006ல் அவரை வெளியேற்றினார்கள். அவர் தோண்டியதை மூட கான்கிரீட் ஊற்ற வேண்டியிருந்தது. நாற்பது வருடம் தோண்டியவருக்கே அந்தக் கதி. நாம் நாலு மாத ஒப்பந்தத்தில் தோண்டுகிறவர்கள்.

5. அறை மிதக்குமா என்று கணக்குப் போடுங்கள்

கான்கிரீட் அறை மிதக்குமா என்று சிரிப்பார்கள். காலியான செப்டிக் டேங்க் மழையில் மேலே எழும்பி நிற்பதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். மண்ணில் தண்ணீர் ஏறினால் நிலவறையும் ஒரு படகுதான்.

எங்கள் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவு 12 அடிக்கு 14 அடி, ஆழம் 9 அடி. மொத்தம் 1,512 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28.3 கிலோ. ஆக, தண்ணீர் தரைமட்டம் வரை வந்தால் அறையை மேலே தூக்கும் விசை ஏறக்குறைய 43 டன்.

இனி அறையின் எடை. அடித்தளம் 1 அடி கனம், சுவர் 8 அங்குலம், மேல்தளம் 6 அங்குலம். மூன்றையும் கூட்டினால் 500 கன அடி கான்கிரீட். கம்பியோடு சேர்த்து கன அடிக்கு 70 கிலோ என்றால் 35 டன். எட்டு டன் குறைகிறது. அறை கிளம்பிவிடும்.

இதற்குச் செய்தது எளிது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் ஒன்றரை அடி நீட்டினோம். மண் நிரப்பியபின் அந்த விளிம்பின்மேல் எட்டு அடி உயர மண் உட்கார்ந்து அறையைக் கீழே பிடித்துக்கொள்கிறது. சரிக்குச் சரி வந்தால் போதாது, தூக்கும் விசையைவிடக் குறைந்தது இருபது சதவீதமாவது கூடுதல் எடை காட்டச் சொல்லுங்கள். தூக்கு விசைக்குக் கணக்குக் காட்டாத வரைபடத்தை வாங்காதீர்கள்.

6. தோண்டுதல்: பிப்ரவரியில் தொடங்குங்கள்

பொங்கல் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும். பிப்ரவரியில் பள்ளம் எடுத்தால் ஜூனுக்குள் மேல்தளம் போட்டு மண்ணும் நிரப்பிவிடலாம். ஆகஸ்டில் தொடங்குகிறவர் திறந்த பள்ளத்தோடு அக்டோபரில் நிற்பார். மிக்ஜாம் மழையின்போது வேளச்சேரி அருகே ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதை மறந்துவிட்டு மழைக்காலத்தில் ஆளை இறக்காதீர்கள்.

பக்கத்து அஸ்திவாரத்திலிருந்து தள்ளி இருங்கள். அஸ்திவாரம் 5 அடி ஆழம், உங்கள் பள்ளம் 10 அடி ஆழம் என்றால், இரண்டுக்கும் இடையே குறைந்தது அந்த வித்தியாசமான 5 அடி வேண்டும். மணலில் இன்னும் அதிகம். எங்கள் வீட்டுக்கும் அறைக்கும் இடையில் விட்ட அந்த இடைவெளியில்தான் படிக்கட்டு இறங்குகிறது.

ஐந்து அடிக்குக் கீழே போனால் பக்கங்களைப் படிக்கட்டுபோல் வெட்டுங்கள், அல்லது பலகையும் முட்டும் கொடுங்கள். எடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் குவிக்காதீர்கள். அந்தக் குவியலின் எடையே விளிம்பை உள்ளே தள்ளும்.

வேலை செய்ய இடம் விட்டு 18 அடிக்கு 20 அடி, ஒன்பதரை அடி ஆழம் வெட்டினால் 34 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டிய மண் பொதபொதவென்று கால் பங்கு கூடும். மூன்று யூனிட் லாரியில் பதினான்கு, பதினைந்து நடை. தெருவே வேடிக்கை பார்க்கும். "சம்ப் கட்டுறோம்" என்று சொன்னேன். "இவ்ளோ பெரிய சம்பா, யானை குளிக்கவா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்டார். நிலவறை இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். எப்படி உள்ளே போவது என்பதை மட்டும்தான் ரகசியமாக வைக்க முடியும்.

7. கான்கிரீட்: இணைப்பு குறைந்தால் கசிவும் குறையும்

தண்ணீர் நல்ல கான்கிரீட்டைத் துளைத்து வருவதில்லை. இன்று போட்ட கான்கிரீட்டும் அடுத்த வாரம் போட்டதும் சேரும் இடத்தில்தான் வருகிறது. அதனால் அடித்தளத்தை ஒரே மூச்சில் போட வேண்டும். ரெடிமிக்ஸ் லாரிகளை இடைவெளி இல்லாமல் வரச்சொல்லுங்கள். அடித்தளத்தோடு சேர்த்தே சுவரின் முதல் ஆறு அங்குலத்தையும் எழுப்பிவிடுங்கள். அப்போது இணைப்பு மூலையில் விழாமல் சற்று மேலே வரும், இணைப்பில் தண்ணீரைத் தடுக்கப் புதைக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டையை நேராகப் பொருத்தவும் முடியும்.

பட்டையைக் கம்பியோடு கட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள். நண்பர் வீட்டில் கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது பட்டை மடங்கிப் படுத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அந்த அறைதான் இப்போது மழைநீர்த் தொட்டி.

சுவர்ப் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்க சென்ட்ரிங்காரர்கள் பி.வி.சி. குழாய்க்குள் கம்பியை விட்டு முறுக்குவார்கள். மேலே கட்டும் சுவருக்குச் சரி. இங்கே அந்தக் குழாய் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். நடுவில் தண்ணீர்த் தடுப்புத் தகடு வைத்த கம்பிகளைக் கேளுங்கள்.

அடித்தளத்தில் பாத்தி கட்டி பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் ஈரச் சாக்கு தொங்கட்டும்.

வேலை நடக்கும்போது பள்ளத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாரை எப்போது நிறுத்துவது? பலர் சறுக்குவது இங்கேதான். அடித்தளமும் சுவரும் முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மேல்தளத்தின் எடையும் மண்ணின் எடையும் சேரும்வரை அது மிதக்கத் தயாராக இருக்கும் படகு. கரண்ட் போகும் என்பதால் டீசல் பம்பு ஒன்று பக்கத்தில் நிற்கட்டும். அடித்தளத்தில் ஒரு துளையையும் திறந்தே விட்டு வையுங்கள். இரவில் மோட்டார் நின்றால் தண்ணீர் உள்ளே வரட்டும், அறை கிளம்பாது. அந்தத் துளையைக் கடைசியில் அடைக்கலாம்.

8. வாட்டர்புரூஃபிங் வெளிப்பக்கத்தில்

உள்பக்கம் பூசினால், தண்ணீர் சுவரைக் கடந்து வந்து பூச்சை உரித்துத் தள்ளும். வெளிப்பக்கம் பூசினால் அதே அழுத்தம் பூச்சைச் சுவரோடு அழுத்தும். தார்ப் படலத்தை வெளியே ஒட்டி, மண்ணில் உள்ள கல் கிழிக்காமல் மேலே பாதுகாப்புப் பலகை வைத்துத்தான் மண் நிரப்ப வேண்டும்.

மேல்தளம் போட்டு அது இறுகும்முன் மண் நிரப்பாதீர்கள். மேலே பிடிப்பில்லாத சுவர் உள்ளே சாயும். நிரப்பும்போது ஓர் அடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல் திமிசு போட்டுக்கொண்டே வாருங்கள்.

9. காற்று

நிலவறை குளுகுளுவென்று இருக்கும் என்பது பாதி உண்மை. ஆழத்து மண் ஊரின் ஆண்டு சராசரி வெப்பத்தை ஒட்டி இருக்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. மே மாத மதியத்துக்குச் சுகம், ஜனவரி இரவுக்குப் புழுக்கம். நம் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. காற்றோட்டம் கொடுத்தால் மட்டும் சுவர் காய்ந்துவிடாது. பட்டுப்புடவை, பத்திரம், புத்தகம் இவற்றைக் கீழே வைப்பதென்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை.

மூச்சுக் கணக்கு இன்னும் முக்கியம். எங்கள் அறையின் உள்ளே சுமார் 28,700 லிட்டர் காற்று. ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார். மூடிய அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் 288 லிட்டர், அதாவது ஒரு சதவீதம். வெளிக்காற்றில் இருப்பது சுமார் 0.04 சதவீதம்தான். அதனால்தான் காலையில் தலை பாரமாக இருக்கிறது. மேலே கழுத்து வளைந்த இரண்டு ஆறு அங்குலக் குழாய்கள் போதும்: ஒன்று வெளிக்காற்றை ஒரு மூலையில் தரைக்கு ஓர் அடி மேலே வரை கொண்டுவரும், எதிர்மூலையில் கூரையை ஒட்டி இருக்கும் இன்னொன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கும். இரண்டு வாயிலும் கொசுவலை.

ஜெனரேட்டர், கேஸ் அடுப்பு, கரி, கொசுவர்த்தி எதுவும் கீழே கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

10. சம்ப், கரண்ட், கழிப்பறை

கசியும் தண்ணீர் வந்து சேர அடித்தளத்தின் ஒரு மூலையில் இரண்டடிச் சதுரக் குழி விட்டு, மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டாரை இறக்குங்கள். அதை இன்வெர்ட்டரில் இணையுங்கள். பெருமழையில் முதலில் நிறுத்துவது கரண்டைத்தான். மோட்டார் தேவைப்படும் நேரமும் அதுவே.

கழிப்பறை வேண்டாம். தெருக் கழிவுநீர்க் குழாயைவிட உங்கள் தரை தாழ்வு. மழையில் அது எதிர்த்து வரும்.

11. ஒரு மழைக்காலம் காலியாக விடுங்கள்

டைல்ஸ், பெயின்ட், மரவேலை எதுவும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டாக விட்டு வையுங்கள். பெயின்ட் அடித்த சுவரில் கசிவு எங்கே தொடங்கியது என்று தெரியாது. மழை நின்ற மறுநாள் டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈரம் மினுங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு தேதி எழுதுங்கள். எங்களுக்கு மூன்று வட்டங்கள் விழுந்தன. இரண்டு தானாகவே காய்ந்தன. வடகிழக்கு மூலையில் இருந்த மூன்றாவது டிசம்பர் வரை பெரிதாகிக்கொண்டே போனது. அந்த இடத்தில் துளையிட்டு ரசாயனம் ஏற்றி அடைத்தோம்.

12. கடைசியில் கதவு

இப்போது ஆசாரியைக் கூப்பிடலாம். ஆறு அடுக்கு, மூன்றடி அகல அலமாரி நிறையப் புத்தகம் வைத்தால் 150 கிலோவைத் தாண்டும். பக்கக் கீல் சில மாதத்தில் தொங்கிவிடும். எடையைத் தரையில் உட்காரவைக்கும், மேலும் கீழும் முளை வைத்த பேரிங் கீல் போடுங்கள். ஈரம் தாங்கும் பிளைவுட்டாக இருந்தாலும் சுற்றிலும் நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நவம்பரில் மரம் உப்பி இறுகிக்கொள்ளும்.

கதவு நிலவறைப் பக்கம் திறக்கட்டும். வீட்டுப் பக்கம் திறந்தால், வெளியே ஒரு பீரோ சாய்ந்தாலும் உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். உள்ளிருந்து திறக்க சாவியோ கரண்டோ தேவைப்படக் கூடாது. மேல்தளத்தில் அவசர வழியாக ஒரு மூடி வைத்து, அதன்மேல் எந்தக் காலத்திலும் பூந்தொட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே மொபைல் சிக்னல் கிடைக்காது, வைஃபைக்கு ஒரு வயரை இறக்குங்கள். வீட்டுக்கு வெளியே ஒருவருக்காவது இந்த வாசல் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது என் தங்கை.

கதவைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: அடியில் தெரியும் விளக்கு வெளிச்சக் கோடு, தரையில் விழும் அரைவட்டக் கீறல், ஓரிடத்தில் மட்டும் பளபளக்கும் கைத்தடம். முதலிரண்டுக்கும் அடியில் பிரஷ் பட்டை வைத்தால் போதும். மூன்றாவதற்கு வாரம் ஒருமுறை அலமாரி முழுவதையும் துடைப்பதைத் தவிர வழியில்லை.

எங்கள் கதவு ஒன்றரை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் தரையைத் துடைத்துவிட்டு, "சார், இந்த அலமாரிகிட்ட மட்டும் ஈரம் சீக்கிரம் காயுது. அடியில காத்து போகுது பாருங்க" என்றார். குனிந்து கையை வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், காற்று வரும் குழாயின் வலையில் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு வழியில்லாமல் கதவிடுக்கிலிருந்து காற்றை இழுத்திருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவுகிறேன்.